பள்ளிக்கூடத்துக்குப் பணம் கள்ளுக்கடையிலா? - ராஜாஜி வாழ்நாள் எல்லாம் நடத்திய வழக்கு

1939-ம் வருஷம் அக்டோபர் மாதம் 1-ந் தேதி. அன்று வட ஆற்காடு ஜில்லாவில் கள்ளுக்கடைகள் திறக்கவில்லை. சாராயக் கடைகளும் திறக்கவில்லை.

வேலூர், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று ஊர் ஊராக ஒரே நாளில் பூட்டு விழுந்தது. வாணியம்பாடிக்குத் தென்கிழக்கே, ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது ஆலங்காயம். அதுவும் அப்போது வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்த ஊர்தான். இன்று அது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது.

இந்தப் பகுதி தோல் தொழிலுக்குப் பேர் போனது. தோல் ஷாப்பில் வேலை செய்வது சாதாரண வேலை அல்ல. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலைத் தூக்க வேண்டும். மயிர் நீக்க வேண்டும். சதை சுரண்ட வேண்டும். நாள் முழுவதும் ஈரத்தில் நிற்க வேண்டும். நாற்றம் வீடு வரைக்கும் கூடவே வரும். மாலையில் கூலி கைக்கு வந்ததும், அலுப்புத் தீர ஒரு மொந்தை என்று கடைப் பக்கம் கால் திரும்பியவர்கள் உண்டு. வீட்டில் மகன் இதைப் பார்த்துக்கொண்டே வளருவான். சில வருஷங்களில் அவனும் தொட்டி வேலைக்குப் போவான். திரும்பி வரும் வழியில் அதே கடை இருக்கும்.

அந்தக் கடைக்குப் பூட்டுப் போட்டவர் ராஜாஜி. அப்பன் குடிப்பதை நிறுத்துவதைவிட, மகன் குடிக்கத் தொடங்காமல் இருப்பதுதான் அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. அதற்காக அவர் பத்திரிகை நடத்தினார், கதை எழுதினார், சட்டம் போட்டார். தொண்ணூறு வயதுக்கு மேல் ஒருவர் வீட்டு வாசலுக்கும் போய் நின்றார். நடுவில், பள்ளிக்கூட விஷயத்தில், பெரிய தவறு ஒன்றும் செய்தார்.

தொரப்பள்ளிப் பிள்ளை

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி 1878-ம் வருஷம் டிசம்பர் 10-ந் தேதி பிறந்தார். ஊர், ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி. தகப்பனார் அந்தக் கிராமத்தின் முன்சீப். தாயார் சிங்காரம்மாள். அது அந்தக் காலத்தில் சேலம் ஜில்லா. இன்று கிருஷ்ணகிரி மாவட்டம்.

ஓசூரிலும் பெங்களூரிலும் படித்தார். சென்னையில் சட்டம் படித்துத் தேறினார். சேலத்தில் வக்கீலாக அமர்ந்தார். கிரிமினல் வழக்குகளில் அவருக்கு நிகர் இல்லை என்று பெயர் வாங்கினார். பணம் குவிந்தது. 1917-ல் சேலம் நகரசபைத் தலைவரானார். அக்கிரகாரத்துக் குடிநீர்க் குழாயைத் திறந்து மூடும் வேலைக்கு ஓர் ஆதிதிராவிடரை நியமித்தார். ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. அவர் பின்வாங்கவில்லை.

ஆனால் வீட்டில் துக்கம். 1916-ல் மனைவி அலமேலு மங்கம்மாள் இறந்துவிட்டார். மூன்று ஆண் குழந்தைகள், இரண்டு பெண் குழந்தைகள். ராஜாஜிக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஐந்து பிள்ளைகளையும் தாமே வளர்த்தார். பிள்ளை வளர்ப்பு என்பது என்ன, எந்த வயதில் எது மனத்தில் ஒட்டும் என்பதெல்லாம் அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்தது அல்ல.

1919-ல் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது ராஜாஜியின் வீட்டில்தான் தங்கினார். அதன்பின் ராஜாஜியின் வாழ்க்கையே மாறியது. கோர்ட்டுக்குப் போவதை நிறுத்தினார். கைநிறைய வந்த வருமானத்தை உதறினார்.

வேலூர் ஜெயிலில் மூன்று மாதம்

1921 டிசம்பரில் அவரைக் கைது செய்து வேலூர் ஜெயிலில் அடைத்தார்கள். மூன்று மாதத் தண்டனை. அங்கே தினமும் ஒரு டைரி எழுதினார். சாப்பாடு, மூட்டைப்பூச்சி, இருமல், பக்கத்து அறைக் கைதி என்று எல்லாம் அதில் வரும். பின்னால் அது புத்தகமாக வந்தது.

அந்த டைரியில் ஒரு நாள், 1922 ஜனவரியில், அவர் எழுதி வைத்த விஷயம் இன்று படிப்பவர்களையும் திடுக்கிட வைக்கும். சுயராஜ்யம் வந்துவிட்டால் உடனே நல்ல ஆட்சி வந்துவிடாது என்று எழுதினார். தேர்தல் ஊழல், அநீதி, பணக்காரர்களின் கை ஓங்குதல், திறமை இல்லாத நிர்வாகம் எல்லாம் சேர்ந்து மக்களைப் படாதபாடு படுத்தும் என்று எழுதினார். சுதந்திரம் கிடைக்க இன்னும் இருபத்தைந்து வருஷம் இருக்கிறது! வேலூர்ச் சிறையில் உட்கார்ந்துகொண்டு அவர் இதை எழுதுகிறார்.

அதற்கு மருந்தும் அங்கேயே எழுதியிருக்கிறார். நல்ல நடத்தையும் தெய்வ பயமும் அன்பும் சின்ன வயதிலிருந்தே வளரும்படியாக எல்லோருக்கும் கல்வி கொடுக்க வேண்டும். அது ஒன்றில்தான் அவருக்கு நம்பிக்கை.

அதே 1921-ல்தான் தமிழ்நாடு எங்கும் கள்ளுக்கடை மறியல் நடந்தது. ஈரோட்டில் பெரியாரும் அவர் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் முன்னால் நின்றார்கள். கள் இறக்க மரம் கொடுக்க மாட்டேன் என்று பெரியார் தம் தோப்புத் தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தார். அப்போது ராஜாஜியும் பெரியாரும் இணை பிரியாத தோழர்கள். பின்னால் அரசியலில் எதிரெதிர் திசையில் போனாலும் அந்தத் தோழமை சாகும் வரை நீடித்தது.

ஆசிரமக் குடிசை

1925 பிப்ரவரியில் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். நகரசபைத் தலைவராக இருந்தவர், பெரிய வக்கீல், குழந்தைகளுடன் குடிசையில் வந்து உட்கார்ந்தார்.

மழை பொய்க்கும் சீமை அது. நிலத்தில் வேலை இல்லாத நாட்களில் பெண்கள் நூல் நூற்றார்கள். ஆசிரமத்தில் கொடுத்துக் கூலி வாங்கினார்கள். சில்லறைக் காசுதான். ஆனால் அந்த வீடுகளுக்கு அது பெரிய காசு.

அந்தக் காசு எங்கே போனது? பல வீடுகளில் அடுப்படிக்குப் போகவில்லை. கள்ளுக்கடைக்குப் போனது. பெண்டாட்டி பகலெல்லாம் ராட்டை சுற்றுவாள்; புருஷன் பொழுது சாய்ந்தால் அதைக் குடித்துத் தீர்ப்பான். இப்படி இருந்தால் கதர் விற்று என்ன பயன்? ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போலத்தானே! முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும் என்ற முடிவுக்கு ராஜாஜி வந்தார். அது முதல் மதுவிலக்கு அவருக்கு ஒரு விரதம் ஆகிவிட்டது.

'விமோசனம்'

1929-ல் ஆசிரமத்திலிருந்து ஒரு மாதப் பத்திரிகை வந்தது. பெயர் 'விமோசனம்'. ஆசிரியர் ராஜாஜி. துணை ஆசிரியர் கிருஷ்ணமூர்த்தி என்ற இளைஞர். பின்னாளில் தமிழ்நாடு முழுவதும் 'கல்கி' என்று கொண்டாடிய அதே கிருஷ்ணமூர்த்திதான்!

ஒரே விஷயத்துக்காக ஒரு பத்திரிகை. மது கூடாது, அவ்வளவுதான். இதைப் பிரசங்கமாகச் சொன்னால் யார் படிப்பார்கள்? முதல் பக்கத்திலேயே கொட்டாவி விட்டுவிடுவார்கள். ராஜாஜிக்கு அது தெரியும். ஆகவே கதை போட்டார்கள். படம் போட்டார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் விளங்கும் தமிழில் எழுதினார்கள். படிக்கவே தெரியாதவர் படத்தைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொள்ளலாம். பள்ளிக்கூடத்துப் பையன் வாங்கி வந்து திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்தால், தாத்தாவும் பாட்டியும் கேட்கலாம்.

எந்தக் கடினமான விஷயத்தையும் எளிய தமிழில் சொல்லிவிடலாம் என்பதில் ராஜாஜிக்கு அபார நம்பிக்கை இருந்தது. ரசாயன சாஸ்திரத்தையே 'திண்ணை ரசாயனம்' என்று எழுதியவர் அவர்.

பத்தே இதழ்கள்தான் வந்தன. 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களுடன் நடந்து போய் உப்பு எடுத்தார். ஜெயிலுக்குப் போனார். கல்கியும் ஜெயிலுக்குப் போனார். பத்திரிகை நின்றது.

பத்து இதழ் என்றால் கொஞ்சம்தான். ஆனாலும் அதன் வழி சரியான வழி. இதைப் புரிந்துகொள்ள, கடல் தாண்டிச் சற்று அமெரிக்கா பக்கம் போய் வர வேண்டும்.

அமெரிக்க ஆசிரியை செய்தது

மேரி ஹன்ட் என்று ஓர் அம்மாள். 1830-ல் பிறந்தவர். ரசாயனம் கற்பித்த ஆசிரியை. குடியை ஒழிக்கப் பள்ளிக்கூடமே சரியான இடம் என்று முடிவு செய்தார். ராஜ்யம் ராஜ்யமாகப் போய்ச் சட்டசபை அங்கத்தினர்களைப் பிடித்தார். 1882-ல் வெர்மான்ட் ராஜ்யத்தில் முதல் சட்டம் வந்தது. பள்ளிக்கூடங்களில் மதுவின் தீமையைப் பாடமாகவே நடத்த வேண்டும் என்று சட்டம். இருபது வருஷத்துக்குள் அமெரிக்காவின் எல்லா ராஜ்யங்களிலும் இந்தப் பாடம் வந்துவிட்டது. ஒரு தனிப் பெண்மணி செய்த வேலை இது!

ஆனால் அந்தப் பாடப்புத்தகங்களில் ஒரு கோளாறு இருந்தது. பயமுறுத்தினால் போதும் என்று நினைத்தார்கள். உள்ளதுக்கு மேல் பத்து மடங்கு ஊதி எழுதினார்கள். 1903-ல் அறிஞர்கள் குழு ஒன்று அந்தப் புத்தகங்களைச் சோதித்து, பல விஷயங்கள் மிகையானவை, சில பொய்யானவை என்று சொல்லிவிட்டது. பையன்களுக்கு ஒரு பொய் பிடிபட்டால் போதுமே. பிறகு உண்மையைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

இந்த விஷயம் இப்போது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. குடித்தால் குடல் வெந்துபோகும் என்று படம் காட்டிப் பயமுறுத்துவதால் மட்டும் பெரிய பயன் இல்லை. வகுப்பில் எல்லாரும் குடிக்கிறார்கள், நான் மட்டும்தான் குடிக்காதவன் என்று ஒரு பையன் நினைக்கிறான். உண்மையில் எண்ணிப் பார்த்தால் குடிப்பவன் நாலு பேர்தான் இருப்பான். அந்த உண்மைக் கணக்கைச் சொல்ல வேண்டும். திருவிழாவில், கல்யாண வீட்டில், கூட்டாளி கிளாஸை நீட்டும்போது சிநேகிதம் கெடாமல் வேண்டாம் என்று சொல்வது எப்படி என்று வகுப்பிலேயே ஒத்திகை பார்க்க வைக்க வேண்டும். நாடகம் போடலாம், கதை சொல்லலாம், விவாதம் செய்ய விடலாம். இப்படிப் பல வாரம் தொடர்ந்து செய்த சில பள்ளிக்கூடங்களில் பலன் கிடைத்திருக்கிறது.

வயதும் முக்கியம். 1997-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. பதினைந்து வயது ஆவதற்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் பத்துக்கு நாலு பேர் பின்னால் குடிக்கு அடிமையானார்கள். இருபது வயது தாண்டித் தொடங்கியவர்களில் பத்துக்கு ஒருவர்தான். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று நம் பெரியவர்கள் சொன்னதைத்தான் புள்ளிவிவரமும் சொல்கிறது.

'விமோசனம்' கதையை நம்பியது. ஆசிரமத் திண்ணையில் கிடைத்த பாடம் அது.

நாலில் ஒரு பங்கு

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். மாகாண முதல் மந்திரிக்கு அப்போது அந்தப் பெயர்தான். வந்ததும் மதுவிலக்கைக் கையில் எடுத்தார்.

உத்தியோகஸ்தர்கள் கணக்கை நீட்டினார்கள். மாகாண வருமானத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கள், சாராயத்திலிருந்து வருகிறது! கடையை மூடினால் சம்பளம் யார் கொடுப்பது? ரோடு யார் போடுவது? எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளிக்கூடம் யார் நடத்துவது?

இதுதான் வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன முடிச்சு. அப்பன் கடையில் கொடுக்கும் காசு கஜானாவுக்குப் போகும். கஜானாவிலிருந்து வாத்தியார் சம்பளம் வரும். அந்த வாத்தியார் மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார். மகன் படிக்க வேண்டும் என்றால் அப்பன் குடிக்க வேண்டும்! இப்படி ஒரு கணக்கு உலகத்தில் உண்டா?

காந்தியடிகளையும் இந்தக் கணக்கு உறுத்தியது. மதுப் பணம் இல்லாமல் பள்ளிக்கூடம் நடத்த வழி என்ன என்று யோசித்தார். பிள்ளைகள் ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொண்டே படிக்கட்டும், அதில் வரும் வருமானத்தில் பள்ளிக்கூடம் நடக்கட்டும் என்றார். 1937 அக்டோபரில் வார்தாவில் இதற்காகவே ஒரு கல்வி மாநாடு கூடியது. ஆதாரக் கல்வி பிறந்த கதை இதுதான்.

ராஜாஜி வேறு வழி கண்டுபிடித்தார். 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார். இந்தியாவில் பொது விற்பனை வரி போட்ட முதல் மாகாணம் சென்னைதான். வியாபாரிகள் கோபித்துக்கொண்டார்கள். இன்று கடையில் நாம் கொடுக்கும் வரிக்கு மூலக் கதை இது: கள்ளுக்கடையை மூட வந்த வரி!

முதலில் சேலம்

ஒரே நாளில் மாகாணம் முழுவதும் மூட அவர் துணியவில்லை. தம் சொந்த ஜில்லாவில் முதலில் பரீட்சை பார்த்தார். 1937 அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. அந்த ஜில்லாவின் ஜனத்தொகை அப்போது சுமார் 24 லட்சம்.

கலெக்டர் டிக்சன் வெள்ளைக்காரர். ஆனாலும் மனப்பூர்வமாக வேலை செய்தார். கடையை மூடினால் மட்டும் போதாது. மாலைப் பொழுதை என்ன செய்வது? அதற்காக விளையாட்டு, பஜனை, நாடகம், தேநீர்க் கடை என்று ஏற்பாடு செய்தார்கள். மிச்சமான கூலியைச் சேர்த்து வைக்கச் சொன்னார்கள். கள் இறக்கியவர்களுக்குப் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச அனுமதி கொடுத்தார்கள். எல்லாருக்கும் அது போதவில்லை. பிழைப்பு இழந்தவர்களும் இருந்தார்கள். அதை மறைத்துப் பேசக் கூடாது.

சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதார நிபுணர்கள் போய் விசாரித்தார்கள். குடித்த காசு அரிசிக்கும் துணிக்கும் திரும்பியிருந்தது. கடன் குறைந்திருந்தது. புருஷன் கையால் அடி வாங்குவது நின்றது என்று பெண்கள் நிம்மதி அடைந்தார்கள்.

மறு வருஷம் சித்தூர், கடப்பை ஜில்லாக்கள். அதற்கு மறு வருஷம்தான் வட ஆற்காடு. தோல் ஷாப் ஊர்களின் முறை வந்தது.

வந்த வேகத்தில் ஒரு சோதனையும் வந்தது. உலக யுத்தம் அதற்கு முந்தின மாதமே மூண்டிருந்தது. இந்தியர்களைக் கேட்காமலே வெள்ளைக்காரன் இந்தியாவை யுத்தத்தில் இழுத்துவிட்டான். காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தன. ராஜாஜியும் 1939 அக்டோபர் கடைசியில் பதவி விலகினார். ஆலங்காயம் போன்ற ஊர்களில் கடை மூடி ஒரு மாதம்கூட நிறையவில்லை!

யுத்த காலத்தில் கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. கடைகள் மறுபடி திறந்தன. 1946-ல் மீண்டும் தொடங்கி, 1948 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜயந்தி அன்று, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. அப்போது ராஜாஜி டெல்லியில் கவர்னர் ஜெனரல். அந்தப் பதவியில் அமர்ந்த ஒரே இந்தியர், கடைசி கவர்னர் ஜெனரல்.

அரை நாள் பள்ளிக்கூடம்

1952-ல் ராஜாஜி மறுபடி சென்னைக்கு முதல் மந்திரியாக வந்தார். கஜானாவில் மதுப் பணம் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகாத பிள்ளைகளோ லட்சக்கணக்கில். பழைய முடிச்சு மறுபடி முன்னால் வந்து நின்றது.

1953-ல் அவர் ஒரு திட்டம் போட்டார். கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் தினம் மூன்று மணி நேரம்தான் பாடம். ஒரு கூட்டம் காலையில், இன்னொரு கூட்டம் அதற்குப் பின்னால். அதே கட்டடம், அதே வாத்தியார். இரண்டு பங்கு பிள்ளைகள். மீதி நேரத்தில் பிள்ளைகள் தகப்பனுடன் இருந்து தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும்.

காகிதத்தில் கணக்குச் சரியாக வந்தது. வாழ்க்கையில் வரவில்லை. குயவர் மகன் சக்கரத்துக்குப் போவான், வண்ணார் மகன் துறைக்குப் போவான். தோல் பதனிடுபவர் மகன் எங்கே போவான்? தொட்டிக்குத்தான்! எந்தச் சாதியில் பிறந்தானோ அந்த வேலையிலேயே அவனைக் கட்டிப்போடும் குலக்கல்வி இது என்று பெரியார் கிளம்பினார். திராவிட முன்னேற்றக் கழகம் கிளர்ச்சி செய்தது. காங்கிரஸ்காரர்களே எதிர்த்தார்கள். எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. சின்ன வயதுக் கல்வி ஒன்றே கதி என்று வேலூர் ஜெயிலில் எழுதியவர், அந்தக் கல்வியையே பாதியாக நறுக்கியது பெரிய சறுக்கல். குடியிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றப் பள்ளிக்கூடம் வேண்டும் என்றால், பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டாமா?

1954 ஏப்ரலில் ராஜாஜி விலகினார். காமராஜர் முதல் மந்திரியானார். அவர் சட்டசபைக்கு வர நின்ற தொகுதி எது தெரியுமா? இதே வட ஆற்காட்டுக் குடியாத்தம்! முதல் வேலையாக அரை நாள் திட்டம் கைவிடப்பட்டது. பிறகு ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்கள் திறந்தன. 1956-ல் பகல் உணவுத் திட்டம் வந்தது. அப்போதும் மதுவிலக்கு அமலில் இருந்தது. கள்ளுக்கடைக் காசு ஒரு காசுகூட இல்லாமல் பள்ளிக்கூடமும் நடந்தது, பிள்ளைக்குச் சோறும் போட்டார்கள்.

ராஜாஜி நாற்பது வருஷம் வாதாடிய வழக்கில், அவர் பக்கத்துக்குச் சிறந்த சாட்சியாக நின்றது அவருடைய எதிராளியின் ஆட்சிதான்!

மழையில் வந்த கிழவர்

பதவி போன பிறகும் ராஜாஜி ஓய்ந்து உட்காரவில்லை. மகாபாரதத்தையும் ராமாயணத்தையும் குழந்தைக்குச் சொல்வது போல் எழுதினார். ராமாயணம் எழுதிய 'சக்கரவர்த்தித் திருமகன்' நூலுக்கு 1958-ல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. 1959-ல் சுதந்திராக் கட்சி தொடங்கினார். 1967-ல் தி.மு.க.வுடன் கூட்டுச் சேர்ந்து காங்கிரஸைத் தோற்கடித்தார்.

1971-ல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தள்ளி வைக்க முடிவு செய்தது. சொன்ன காரணம் பணமுடை. செய்தி கேட்டு ராஜாஜி துடித்துப்போனார். அப்போது அவருக்கு 92 வயது. அந்த ஜூலை மாதத்தில் ஒரு நாள், கொட்டும் மழையில், கோபாலபுரத்தில் கருணாநிதியின் வீட்டுக்கே போனார். கடையைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். முஸ்லிம் லீக் தலைவர் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயிலும் இதையே வேண்டினார். தோல் வியாபாரத்தில் இருந்தவர் அவர். தோல் ஷாப் ஊர்களின் நிலைமை அவருக்குத் தெரியும்.

கிழவர் எதற்காக அவ்வளவு பதறினார்? 1948-ல் பிறந்த குழந்தைக்கு 1971-ல் 23 வயது. கல்யாணம் ஆகும் வயது. அந்த வாலிபன் தன் வாழ்நாளில் சர்க்கார் அனுமதி பெற்ற ஒரு கள்ளுக்கடையைக்கூடத் தன் ஊரில் கண்டதில்லை. கள்ளச் சாராயம் இருந்தது, உண்மைதான். மலை அடிவாரங்களில் திருட்டுத்தனமாகக் காய்ச்சினார்கள். ஆனால் அது ஒளிந்து மறைந்து தேடிப் போக வேண்டிய சரக்கு. பள்ளிக்கூடம் போகும் வழியில் பலகை மாட்டி விற்கும் சரக்கு அல்ல. அப்படி ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அடுத்த தலைமுறைக்கும் அந்தப் பழக்கம் தெரியாமல் போயிருக்கலாம். அந்த நேரத்திலா கதவைத் திறப்பது என்பதுதான் அவருடைய வேதனை.

கதவு திறந்தது. 1971 ஆகஸ்டு 30-ந் தேதி மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. 1972 டிசம்பர் 25-ந் தேதி ராஜாஜி சென்னையில் காலமானார். வயது 94.

அவர் கண் மூடிய மறு வருஷமே, 1973-ல், அதே கருணாநிதி அரசு கள்ளுக்கடைகளை மூடியது. 1974-ல் சாராயக் கடைகளையும் மூடியது. அந்த மூன்று வருஷம் போதுமானதாக இருந்தது. சட்டம் திரும்பி வந்தது. குடியே தெரியாத பிள்ளைகள் திரும்பி வரவில்லை.

1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கடைகள் மறுபடி திறந்தன. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசே நடத்துகிறது. 2023-24-ம் வருஷத்தில் அதிலிருந்து அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். 21 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது என்பது சட்டம்.

2022 ஆகஸ்டு 11-ந் தேதி தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் மாணவர்கள் வரிசையில் நின்று, போதைப் பழக்கத்துக்கு ஆளாக மாட்டோம் என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். பள்ளிகளில் போதை எதிர்ப்பு மன்றங்களும் அமைக்கப்பட்டன. அந்த மன்றத்தில் வருஷம் முழுவதும் என்ன நடக்கிறது என்று பெற்றோர்கள் தலைமை ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.